வைத்திலிங்கம் சாருக்கு ஒரு ஏரியா

"எங்கே தங்கினால் நன்றாகச் சாப்பிடலாம்?"

பெங்களூருக்கு வருகிறவர்கள் கேட்கும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் வேலைக்காலம் முடிந்தது. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த சிறிய டிராவல் ஏஜென்சி எங்களுடையது. டிக்கெட்டுக்கு ஒரு மேஜை, வண்டிக்கு ஒரு மேஜை, தங்குமிடத்துக்கு ஒரு மேஜை. மூன்றாவது மேஜையில் தொண்ணூற்றொன்றில் உட்கார்ந்தேன். ஏஜென்சியை மூடும்வரை அதே மேஜைதான்.

எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஷோபா இப்போது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். ஊருக்கு வருகிறவர் போனில் நாலு தட்டுத் தட்டினால், எந்த ஏரியாவில் தங்கலாம் என்று நட்சத்திரம் போட்டுக் காட்டுகிற வேலை. "அக்கா, இந்த ஸ்டார் எல்லாம் இல்லாம நீங்களும் மூர்த்தி சாரும் எப்படித்தான் சொன்னீங்க? எங்க டீமுக்கு எழுதிக் குடுங்களேன்" என்றாள். எழுத உட்கார்ந்ததும் முறை, வழி எல்லாம் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. மிச்சப் பக்கங்களில் வைத்திலிங்கம் சார் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மூர்த்தி சார் என்பது எங்கள் மேனேஜர் கேசவமூர்த்தி. மைசூர்க்காரர். கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு குடை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் டெலிபோன் ரிசீவரைக் கைக்குட்டையால் துடைப்பார், அவ்வளவுதான். வெளிச் சாப்பாட்டை அவர் வாயில் வைத்ததே கிடையாது. காபிகூட வீட்டிலிருந்து பிளாஸ்கில் வரும். அப்படிப்பட்டவர்தான், ஃப்ரேசர் டவுனில் எந்தக் கடையில் கபாப் சூடாகக் கிடைக்கும், எந்தக் கடையில் மத்தியானத்து மிச்சம் சாயங்காலம் மறுபடி எண்ணெய்க்குள் போகும் என்று சொல்வார்.

"எப்படி சார் தெரியும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கடைக்கு எதிரே நின்று, சாப்பிட்டு வெளியே வருகிறவன் முகத்தைப் பார்க்கணும். போர்டைப் பார்க்கக் கூடாது" என்றார் கன்னடத்தில். என்னிடம் அவர் கன்னடத்தில்தான் பேசுவார். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் தனக்குத் தெரிந்த தமிழில் பேசுவார்.

ஒரு லாட்ஜை நாங்கள் சிபாரிசு செய்வதற்கு முன் மூன்று தடவை அங்கே போயாக வேண்டும். டிபன் நேரத்தில் ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை. லாட்ஜ் ரூமைப் பார்ப்பது கடைசி வேலை. முதலில் லாட்ஜ் வாசலில் முதுகைக் காட்டி நின்று, தெருவைப் பார்த்து நடக்க வேண்டும். ஆட்டோ பிடிக்காமல் என்னென்ன சாப்பிடக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். சாப்பாட்டுப் பிரியன் காலை டிபனுக்கு ஆட்டோ ஏற வேண்டியிருந்தால் இரண்டாம் நாளே சோம்பல் வந்து லாட்ஜ் ரொட்டியைத் தின்றுவிட்டு ஊரைத் திட்டுவான் என்பது மூர்த்தி சார் கட்சி.

போனில் கேட்கிறவர்களிடம் சைவமா அசைவமா என்று நாங்கள் முதலில் கேட்பதில்லை. "காலையில எத்தனை மணிக்கு சார் உங்களுக்குப் பசிக்கும்?" என்றுதான் கேட்போம். சிலர் சிரிப்பார்கள். ஆனால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். விடியும்போதே பசிக்கிறவருக்கு பசவனகுடி, இல்லையென்றால் மல்லேஸ்வரம். எட்டு மணிவரை தூங்கிவிட்டு, சாயங்காலம் பசி கிளம்புகிறவருக்கு ஃப்ரேசர் டவுன். ஆந்திரச் சாப்பாட்டை இலை போட்டு ஒரு பிடி பிடித்துவிட்டு மத்தியானம் தூங்குகிறவருக்கு ரெசிடென்சி ரோடு பக்கம். ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று மெஜஸ்டிக்கில் இறங்கிவிடுகிறவரை எப்படியாவது பேசி அங்கிருந்து கிளப்பிவிடுவோம்.

மெட்ராஸ் வக்கீல் ஒருவர் எம்.ஜி. ரோடுதான் வேண்டும் என்று நின்றார். ஐந்தரைக்கெல்லாம் பசிக்கிற மனிதர். மூர்த்தி சார் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கேட்டதைப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். இரண்டாம் நாள் காலை வக்கீலிடமிருந்து போன்: "என்னம்மா, எட்டு மணிக்குத்தான் கதவையே திறக்கறான், திறந்தா ரொட்டியும் ஜாமும்!" அன்றே அவரை பசவனகுடி காந்தி பஜாருக்கு மாற்றினோம். அதன்பின் ஊருக்குப் போகும்வரை அவர் எங்களைக் கூப்பிடவில்லை. நடக்கிற தூரத்தில் இருந்த லால்பாக்கைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார் என்று அவர் மனைவி பின்னால் சொல்லிச் சிரித்தார்.

இப்படியே பழகிப்போன வேலையில்தான் வைத்திலிங்கம் சாரின் போன் வந்தது. தொண்ணூற்றாறு இருக்கும்.

திருச்சியில் ஒரு பாங்கில் டெலிபோன் ஆபரேட்டர் என்றார். கணீரென்ற குரல். பெங்களூர்க் கிளையின் ஆபரேட்டர் தினமும் காலையில் லைன் போடும்போதே இன்று என்ன டிபன் சாப்பிட்டேன் என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவாராம். "வருஷக்கணக்கா காதாலயே பெங்களூர் டிபன் தின்னுட்டிருக்கேன் மேடம். ஒரு பத்து நாள் வந்து வாயால சாப்பிடணும்" என்றார்.

எப்போது பசிக்கும் என்று கேட்டேன். "காலையிலயும் பசிக்கும், சாயங்காலமும் பசிக்கும். மத்தியானம் மட்டும் சும்மா இருப்பேன்னு சொல்ல முடியாது."

அந்த வாரம் முழுக்கக் கூப்பிட்டார். ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி. லாட்ஜ் வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? சாப்பாட்டுக் கடைக்குப் போக ரோடு கடக்கணுமா? உட்கார்ந்து சாப்பிடுகிற கடையா, நின்றுகொண்டா? மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்குமா? இவ்வளவு நுணுக்கமாகச் சாப்பிட வருகிறவரை நான் பார்த்ததில்லை. சிவாஜிநகரும் ஃப்ரேசர் டவுனும் சேர்கிற இடத்தில் ஒரு லாட்ஜில் அவருக்கு ரூம் போட்டேன்.

வரவேண்டிய நாளன்று ரயிலிறங்கி நேராக எங்கள் ஆபீசுக்கே வந்தார். ஐம்பதை எட்டும் வயசு. தோளில் ஒரு பை. கையில் வெள்ளைக் கோல். படியைக் கோலால் தொட்டுப் பார்த்து ஏறி உள்ளே வந்து நின்றார். டிக்கெட் மேஜையில் பேச்சு நின்றுபோனது. நான் எழுந்து, "வாங்க சார், யாரு வேணும்?" என்றேன்.

"நீங்கதான் வேணும். நீங்கதானே புனிதா மேடம்?" என்று என் குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். "வைத்திலிங்கம். திருச்சி."

நாற்காலி கொடுத்து உட்கார வைத்தேன். அதற்குள் மூர்த்தி சார் தன் அறையிலிருந்து வந்துவிட்டார்.

"கூட யாரு வந்திருக்காரு சார்?"

"யாரும் வரல."

"போன்ல நீங்க இதைச் சொல்லவே இல்லையே."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியும் சார். போன வருஷம் வேற ஒரு ஊருக்குப் போகலாம்னு கேட்டேன். கண்ணு தெரியாதுன்னு சொன்னேன். கூட யார் வர்றாங்கன்னாங்க. யாரும் இல்லைன்னேன். உடனே ரூம் இல்லைன்னுட்டாங்க. அதுக்கு முந்தின நிமிஷம்வரைக்கும் இருந்துச்சு."

மூர்த்தி சார் என் மேஜையில் இருந்த ரிசீவரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு, "நோடி சார், அந்த சிவாஜிநகர் லாட்ஜ் பேடா, வேண்டாம். அங்கே பஸ் ஜாஸ்தி, கூட்டம் ஜாஸ்தி. மல்லேஸ்வரத்துல ஒரு நல்ல லாட்ஜ் இருக்கு. கேன்டீன் உள்ளேயே இருக்கு. இட்லி, தோசை எல்லாம் ரூமுக்கே கொண்டு வருவாங்க" என்றார்.

"ரூமுக்கு வர்ற இட்லியைச் சாப்பிட நான் எதுக்கு சார் ரயில் ஏறணும்? எங்க அண்ணி வீட்லயே நல்லா அவிப்பாங்க."

"ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு யாரு?"

"விழறது நான். பொறுப்பும் நான்தான். எனக்கு வேண்டியது, நானா எழுந்திரிச்சு, நானா நடந்து போய், எது வேணும்னு நானே கேட்டுச் சாப்பிடற மாதிரி ஒரு இடம். அதைத்தானே எல்லாருக்கும் தேடிக் குடுக்கறீங்க?"

மூர்த்தி சார் ரிசீவரைக் கீழே வைத்தார். அன்றைக்கு மட்டும் ஆபீசுக்குப் பக்கத்து லாட்ஜில் அவரைத் தங்க வைக்கச் சொன்னார். மறுநாள் காலை காந்தி பஜாருக்குப் போய்ப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பார்ப்பது என்றால் என்ன என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் மூன்று பேரும் போனோம். காந்தி பஜார் அப்போதுதான் விழித்துக்கொண்டிருந்தது. பூக்காரிகள் கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காபிப்பொடி வறுபடும் வாசனை. மூர்த்தி சார் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். நாலாக மடித்துத் தன் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார். குடையைக் கோல் மாதிரி நீட்டிப் பிடித்தார்.

"புனிதா, பின்னாலேயே வா. தொடாதே. நானாகப் போய் தெருக்கோடி டிபன் ஓட்டல் வாசல் வரைக்கும் சேர்கிறேனா பார்க்கலாம்" என்றார்.

அந்த வெள்ளைச் சட்டை, அந்தக் குடை, அந்தக் கண்கட்டு. என் வேலைக்காலத்தில் எத்தனையோ பேரை மறந்துவிட்டேன், அந்தக் காட்சியை மறக்கவில்லை. அடி மேல் அடி வைத்து நடந்தார். பூக்காரி ஒருத்தி, "ஏன் சுவாமி, கண்ணாமுச்சாலேயா?" என்று கேட்க, பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வைத்திலிங்கம் சாரிடம் நடப்பதை மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் நடுநடுவே எதிரே வந்தவர்களிடம் வழி கேட்டுக்கொண்டு வந்தார்.

பாதித் தூரம்கூடப் போகவில்லை. சாக்கடை மேல் பாவியிருந்த கல்லில் இரண்டுக்கு நடுவே இடைவெளி. குடை ஒரு கல்லைத் தட்டியது, கால் இடைவெளிக்குள் போனது. "அம்மா" என்று உட்கார்ந்துவிட்டார். பூக்காரியே ஓடிவந்து தூக்கி, தன் பலகைமேல் உட்கார வைத்தாள். கணுக்கால் அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது.

மூர்த்தி சார் கண்கட்டை அவிழ்த்தார். வியர்த்திருந்தது. "பாத்தீங்களா சார்? இந்த ரோடு ஆகல்ல, சரிப்படாது. எனக்கே இப்படி" என்றார்.

வைத்திலிங்கம் சார் கோலை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "வலிக்குதா சார்?" என்று கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க விழுந்தது கண்ணைக் கட்டிக்கிட்டதால. நான் கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கறதில்ல சார். நான் நடக்கறது இப்படித்தான், சின்ன வயசுலேர்ந்து."

பூக்காரி ஈரத்துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூர்த்தி சார் அதைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டார். அவர் ஒரு விருந்தினரிடம் தோற்று நான் பார்த்தது அப்போதுதான். ஆனால் தோற்றதை அவர் வளர்க்கவில்லை.

"சரி. தப்பு என்னோடதுதான். நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத் தெரு எப்படி இருக்கணும்?"

"கல்லு, குழி எல்லா ஊர்லயும் இருக்கு சார், கோல் பாத்துக்கும். இங்க எனக்குச் சிக்கல் வேற. இப்ப வர்ற வழியில ரெண்டு பேரை வழி கேட்டுப் பாத்தேன். நல்ல ஜனங்க, நின்னு சொன்னாங்க. எடகடெ, பலகடென்னாங்க. அதுல எது இடது எது வலதுன்னு நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ் வந்துரும். என் பாஷையில சட்டுனு பதில் சொல்ற ஆளுங்க இருக்கணும். இன்னொண்ணு, இங்க பூவு, காபி, ஊதுபத்தி எல்லாம் ஒண்ணா வருது. எந்தக் கடை எங்கன்னு மூக்கு குழம்புது. சின்னத் தெரு போதும். ஆனா தெனமும் அதே ஆளு அதே முக்குல நிக்கணும்."

அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு தெரு மனசுக்குள் வந்துவிட்டது. சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். ஆபீசில் நான் இருப்பது காக்ஸ் டவுன் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் வெளியே வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். காக்ஸ் டவுன் என்றால் பழைய பங்களா, சர்ச், டீச்சர்மார் வீடு. அதை ஒட்டினாற்போல் இருக்கும் ஜீவனஹள்ளி என்றால் கூலி வேலை, குழாயடி.

"சார், எங்க ஏரியாவைப் பாக்கலாம்" என்றேன்.

"காக்ஸ் டவுனா? அங்கே லாட்ஜே கிடையாதே."

"தங்கறது காக்ஸ் டவுன்ல. சர்ச்சுக்குப் பக்கத்துல எஸ்தர் டீச்சர்னு ஒருத்தங்க, ரிட்டையர் ஆனவங்க. முன் ரூமை நர்சுங்களுக்கு வாடகைக்கு விடுவாங்க, இப்பக் காலியா இருக்கு. சாப்பாடு பக்கத்துல, ஜீவனஹள்ளில. நான் இருக்கறது அங்கதான்."

மூர்த்தி சார் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "ஹௌதா, அப்படியா" என்றார். அதற்குமேல் அதைப்பற்றி என்றைக்கும் பேசவில்லை. "என்னால நடக்க முடியாது. நீ போய் மூணு நேரமும் பாத்துட்டு வா."

"நான் பொறந்து வளர்ந்த இடம் சார். பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அதனாலதான் பாக்கணும்."

போனேன். மறுநாள் மூன்று நேரமும் எஸ்தர் டீச்சர் வீட்டு கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, வெளியூர்க்காரி மாதிரி நடந்தேன். விசித்திரமாகத்தான் இருந்தது. முதல் முக்கில் பேக்கரி. பன் வேகும் வாசனையும், தேங்காய் டூட்டிஃப்ரூட்டி வைத்த தில்பசந்த் வாசனையும் அந்த முக்கோடு நின்றுவிட்டது. அடுத்து வெறும் வீடுகள், வாசனையே இல்லை. சந்து திரும்பினால் குழாயடியில் சரோஜாக்காவின் இட்லிக் கொப்பரை. காலையில் இட்லியும் வடகறியும். மேஸ்திரி வேலைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், கார்ப்பரேஷன் ஆட்கள் சுற்றி நின்று சாப்பிடுவார்கள். மத்தியானம் அதே சந்தின் கடைசியில் ஒரு வீட்டு முன்னறையில் மீன் குழம்புச் சாப்பாடு, பெஞ்சு போட்டிருக்கும். சாயங்காலம் எதிர்ப்பக்கம் தள்ளுவண்டியில் ஆட்டுக்குடல் போட்டி வறுவல், மிளகு தூக்கலாக. ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. பெரிய ரோடு எதையும் கடக்க வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மோந்தேன், ஆனால் கட்டிக்கொள்ளவில்லை. அத்தனை வருஷத்தில் விருந்தினர் ஒருவருக்குக்கூட இந்தத் தெருவைச் சொல்ல எனக்குத் தோன்றியதில்லை.

எஸ்தர் டீச்சர், "கண் தெரியாதவங்களா? கேட் தாப்பாள் எங்கேன்னு ஒரு தடவை காமிச்சா போதுமா?" என்று மட்டும் கேட்டார். வைத்திலிங்கம் சார் அன்றே குடி வந்தார்.

முதல் நாள் நானே கூட நடந்து காட்டினேன். மறுநாளிலிருந்து வேண்டாம் என்றுவிட்டார். எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஆபீசுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். முகம் இறுகியிருந்தது.

"எனக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட்டுக் குடுத்துருங்க புனிதாம்மா."

"ஏன் சார், சாப்பாடு சரியில்லையா?"

"சாப்பாடு எப்படின்னே தெரியல. அந்த இட்லிக்காரம்மா காசு வாங்க மாட்டேங்கறாங்க. மொத நாள் நீங்க இருந்தப்ப வாங்கினாங்க. அப்புறம் ரெண்டு நாளாக் கையை மடக்கி விடறாங்க. 'நீ சாப்புடுப்பா, புண்ணியம்'ங்கறாங்க. நான் வாயைத் திறந்தா சுத்தி இருக்கற சத்தம் நின்னு போகுது. எல்லாரும் நான் திங்கறதைப் பாக்கறாங்க. இன்னிக்கு யாரோ ஒருத்தர் என் கையில காசு வெச்சிட்டுப் போறார். பெரிய மனசுதான். ஆனா நான் சாப்பிட வந்தவன்மா. இப்படிக் குடுத்தா இட்லி நாக்குல இறங்க மாட்டேங்குது."

எனக்கு முகம் சுட்டது. எங்கள் தெரு ஆட்கள் கெட்டவர்கள் இல்லை, அதுதான் சங்கடம். "நான் சரோஜாக்காகிட்டச் சொல்றேன் சார்" என்றேன்.

"சொல்லாதீங்க. நீங்க சொல்லி அவங்க வாங்கினா, அதுவும் எனக்காகப் பாத்துச் செய்யறதுதானே."

வீங்கிய காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்த மூர்த்தி சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதாவது யோசனை சொல்வார் என்று பார்த்தேன். "நாளைக்கு சாயங்கால வண்டிக்கு டிக்கெட் போடு" என்றார் என்னிடம். பிறகு அவரிடம், "உங்களுக்கு நல்ல இடம் குடுக்க எங்களால ஆகல. மன்னிக்கணும் சார்" என்றார். மூர்த்தி சார் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது சரோஜாக்கா, "உங்க கெஸ்ட்டு பாவம்ல?" என்றாள். "வேலை இருக்குக்கா" என்று நடந்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகிற வழியில் குழாயடியைத் தாண்டும்போது அவர் அங்கே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சரி, கடைசி நாள் என்று வந்திருக்கிறார் போல என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நின்றேன். சுற்றி வழக்கமான கூட்டம், வழக்கமான அமைதி.

கடைசி வாயை விழுங்கிவிட்டுத் தட்டை நீட்டினார். டெலிபோன் ஆபரேட்டர் குரல், சந்துக் கடைசிவரை கேட்டிருக்கும்.

"அம்மா, இட்லி நல்லா இருக்கு. சட்னி நல்லா இல்ல."

சரோஜாக்காவின் கரண்டி நின்றது. "இன்னாது?"

"தேங்கா இன்னிக்கு அரைச்சது இல்ல. நேத்து அரைச்சதை இன்னிக்குத் தண்ணி ஊத்தி நீட்டியிருக்கீங்க. வடகறில சோம்பு ஜாஸ்தி. கடலப்பருப்பு வாசனையே வரல."

சரோஜாக்கா முந்தானையை இடுப்பில் சொருகினாள். எங்கள் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"யாரப் பாத்து இன்னா சொல்ற நீ? பதினெட்டு வயசுலேர்ந்து இட்லி ஊத்தறேன் நான். இதே முக்குல! எவனும் ஒரு கொறை சொன்னதில்ல. சும்னே துன்னுட்டு நொட்டை சொல்றியா?"

"சும்மா தின்னா சொல்ல மாட்டேன். காசு குடுத்துத் தின்னா சொல்லுவேன்."

"அக்கா, அவர் சொல்றது கரெக்ட்டுதான்" என்று ஆட்டோ ஓட்டும் ஒருவன் மெல்ல ஆரம்பித்தான். "சட்னி முந்தாநேத்தும் இப்படித்தான்…"

"நீ வாய மூடு! கடன் சொல்லித் துன்றவன்லாம் பேச வந்துட்டான்!"

ஒரு மேஸ்திரி சரோஜாக்கா கட்சிக்கு வந்தார். வடகறிக்கு சோம்பு வேண்டும்தான் என்றார். கூடாது என்றான் இன்னொருவன். ஐந்து நிமிஷம் குழாயடியில் பேச்சு முழுக்கச் சோம்பைப் பற்றித்தான். வைத்திலிங்கம் சாரை ஒருவரும் பார்க்கவில்லை. அவர் நடுவில் நின்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

கடைசியில் சரோஜாக்கா கையை நீட்டினாள். "சாக்கு, சாக்கு. பேசினது போதும். துன்னல்ல? துட்ட வெச்சிட்டு நட!"

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். வெடுக்கென்று பிடுங்கி, மீதிச் சில்லறையை அவர் உள்ளங்கையில் அறைகிற மாதிரி வைத்தாள். "நாளைக்கு வந்து பேசு" என்றாள்.

டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லி எஸ்தர் டீச்சர் வீட்டிலிருந்து போன் வந்தது. மூர்த்தி சாரிடம் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "சோம்பு விஷயத்துல யார் சரி?" என்று கேட்டார். வெளிச் சாப்பாட்டைத் தொடாத மனிதருக்கு அது ஏன் தெரிய வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. தெரியாது சார் என்றேன்.

மறுநாள் விடியுமுன் சரோஜாக்கா வீட்டு ஆட்டுக்கல் ஓடுகிற சத்தம் எங்கள் வீட்டுக்கே கேட்டது. அவர் வந்ததும் தட்டை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து எதிரே நின்றாளாம். "இப்பச் சொல்லு." அவர் மெதுவாக மென்றாராம். தேங்காய் சரி, உப்பு ஒரு கல் கம்மி என்றாராம். அதற்கும் ஒரு சண்டை. மிச்ச நாள் முழுக்க இப்படித்தான். போட்டி வறுவல்காரர், மீன் குழம்பு வீடு எல்லோரிடமும் அவர் ஏதாவது ஒரு குறை சொல்லி வைத்திருந்தார். தெருவில் நடக்கும்போது, "சார், இன்னிக்கு வாங்க, மிளகு புதுசு" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். புண்ணியம் என்று கையை மடக்கி விடுவது நின்றுபோனது.

லீவு முடிந்து அவர் கிளம்பிய அன்று, ஆபீஸ் விட்டதும் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போனேன். அப்படிப் போய் வழியனுப்பும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. பிளாட்பாரத்து பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு நகர்ந்து இடம் கொடுத்தார். மடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. மிளகாய்ப்பொடி வாசனை அடித்தது.

"ராத்திரிக்கு இட்லி. சரோஜாம்மா காலையிலயே பொடி தடவிக் கட்டிக் குடுத்தாங்க."

"அக்கா ஊருக்குப் போறவங்களுக்குக் கட்டிக் குடுப்பாங்க சார். பரவால்ல, பழகிட்டீங்களே."

"சும்மா குடுப்பாங்களோன்னு எனக்கு உள்ள ஒரே பயம் புனிதாம்மா. கடைசி நாள் பாருங்க, மனசு இளகிருமே." பொட்டலத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். குரலில் பெருமை தாங்கவில்லை. "இட்லிக்குத் துட்டு வாங்கினதுமில்லாம, பார்சலுக்குத் தனியா வாங்கிட்டாங்க."